மூணு டவர், ஒரு ஃப்ளாட்டு: நாப்பது மாடியில எந்த டிசைனை நம்பி பணம் போடறது?

"அண்ணே, மூணு எடம் பாத்துட்டோம், மூணுமே நாப்பது மாடிக்கு கிட்ட, மூணுலயும் மாடல் ஃப்ளாட்டு காட்டி காபி குடுத்து அனுப்புனாங்க, எது நல்ல டிசைன்னு மட்டும் சொல்லுங்க." இது புளியந்தோப்பு தம்பி ஒருத்தர். அதே வாரத்துல கொளத்தூர் அக்கா ஒருத்தங்க, வீட்டுக்காரருக்கு கண்ணாடி டவர் புடிச்சிருக்கு, எனக்கு கூட்டல் குறி மாதிரி இருக்கறது புடிச்சிருக்கு, வீட்ல சண்டையே ஆயிடுச்சுன்னு எழுதியிருந்தாங்க. இப்படியே ஏழெட்டு பேர், எல்லாரும் கேக்கறது பட்டை, கூட்டல் குறி, ஒல்லி கண்ணாடின்னு மூணு டிசைனதான். தனித்தனியா பதில் போட்டு கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஆர்க்கிடெக்ட் இல்ல, இன்ஜினியர் இல்ல. ட்ராஃப்ட்ஸ்மேன். இருவத்திரெண்டு வருஷமா அடுத்தவங்க யோசிச்சத கோடு கோடா இழுத்து குடுக்கறவன். பொறந்து வளந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி. அதனால பிளான் ஷீட்டு ஒண்ண கையில குடுத்தா, அந்த வீட்ல யாரு எங்க வேர்த்து உக்காந்திருப்பாங்கன்னு ஓரளவுக்கு சொல்லிடுவேன், அவ்ளோதான் என் தகுதி.

எங்கப்பாவுக்கு உயரம்னா மவுண்ட் ரோடு எல்.ஐ.சி தான். 1959ல தொறந்தப்ப 177 அடி, அப்போ இந்தியாவுலயே உயரமான கட்டடம். மீட்டர் கணக்குல 54. இப்போ பெரம்பூர் பக்கம் பேசற நாப்பது மாடி டவர் பக்கத்துல அத நிறுத்துனா பதினேழாவது மாடியோட முடிஞ்சிடும். பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லு 1996ல மூடுச்சு, சங்கு ஊதுன அந்த நெலத்துல இன்னிக்கு டவர் நிக்குது. பாம்பேலயும் இதே கதைதான், லோயர் பரேல்ல சீனிவாஸ் மில்லு இருந்த எடத்துலதான் 280 மீட்டர் வேர்ல்ட் ஒன் எழும்பியிருக்கு. சென்ட்ரல்லேர்ந்து ட்ரெயின்ல வந்தா பேசின் பிரிட்ஜ் தாண்டுனதுமே எல்லாரும் ஜன்னல் வழியா அண்ணாந்து பாக்கறாங்க. நம்ம ஆளுங்க இப்போ அண்ணாந்து பாக்கறதோட நிக்காம வாங்கவும் கெளம்பிட்டாங்க, அதனால எத வெச்சு அளக்கறதுன்னு தெரிஞ்சுக்கணும்.

## எத வெச்சு அளக்கறது

சேல்ஸ் ஆபீஸ்ல காட்டற படம், ட்ரோன் வீடியோ, நீச்சல் குளம் எல்லாத்தையும் ஓரமா வெச்சிடுங்க. "டிபிக்கல் ஃப்ளோர் பிளான்" ஒரு ஷீட்டு கேளுங்க. உங்க வீட்டு பிளான் மட்டும் குடுத்து அனுப்பிடுவாங்க, அது வேணாம், மாடி முழுசும் வேணும். ஒரு டவரோட தலையெழுத்தே அந்த ஒரு ஷீட்டுலதான் இருக்கு.

அதுல மொதல்ல பாக்க வேண்டியது வெளிச்சம். ஜன்னல் எவ்ளோ உயரமோ அதுல ரெண்டு ரெண்டரை மடங்கு தூரம் வரைக்கும்தான் பகல் வெளிச்சம் உள்ள வரும், இது எங்க ஆபீஸ்ல எல்லாரும் கண்ணளவா வெச்சிருக்கற கணக்கு. ஏழடி ஜன்னல்னா பதினேழு அடி. அதுக்கப்புறம் பட்டப்பகல்லயும் லைட்டு போட்டுதான் அரிசி பொறுக்கணும்.

ரெண்டாவது காத்து. இதுல ரெண்டு வகை இருக்கு, நமக்கு வேணும்ங்கற காத்து, கட்டடத்த ஆட்டற காத்து. சென்னைக்கு இந்திய தரக்கட்டுப்பாட்டு கணக்குப்படி அடிப்படை காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், அத தாங்கற மாதிரிதான் டிசைன் பண்ணணும். 50 மீட்டருக்கு மேல போற கான்கிரீட் கட்டடத்துக்குன்னே 2017ல ஐ.எஸ். 16700ன்னு தனி விதிமுறை வந்துச்சு, அதுல காத்துக்கு உச்சி எவ்ளோ நகரலாம்னா உயரத்துல ஐநூத்துல ஒரு பங்கு. 120 மீட்டர் டவர்னா 24 சென்டிமீட்டர். ஆமா, ஆடும். ஆடறது தப்பில்ல, ஆடாம வெறப்பா நின்னாதான் பயப்படணும். ஆனா 2016 டிசம்பர்ல வர்தா அடிச்சப்போ பதினாலாவது மாடியில இருந்த என் சிநேகிதன் டாய்லெட்டு தண்ணி தளும்பறத பாத்துட்டு புள்ளைங்கள தூக்கிக்கிட்டு படியில எறங்கி ஓடுனான், அதையும் சொல்லணும்ல.

மூணாவது, தீ புடிச்சா எப்படி எறங்கறது. ஸ்கைலிஃப்ட் வண்டி உலகத்துல பெருசுன்னு சொல்றதே 112 மீட்டர்தான் எட்டும், அதுவும் வண்டி நிக்க எடம் இருந்தா. நாப்பதாவது மாடிக்கு எந்த ஏணியும் வராது, படிக்கட்டுதான் உங்க ஏணி. அதனால ரெண்டு படிக்கட்டும் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாருங்க, ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு இருந்தா ஒரே பொகையில ரெண்டும் போயிடும். நேஷனல் பில்டிங் கோடுங்கற கட்டட விதி, உயரமான கட்டடத்துல குறிப்பிட்ட உயரத்துக்கு ஒரு தடவ ரெஃப்யூஜ் ஏரியான்னு ஒதுங்கி நிக்க ஒரு எடம் விடச் சொல்லுது. குடி வந்த டவர் எதுக்காவது போனீங்கன்னா அந்த எடத்த போய் பாருங்க, ஒடஞ்ச சைக்கிளும் பழைய மெத்தையும் கெடந்தா அந்த அசோசியேஷன் எப்படிப்பட்டதுன்னு வெளங்கிடும்.

நாலாவது லிஃப்டு, தண்ணி, கரண்டு. அஞ்சாவது காசு, அதுவும் வெலைய விட மறைஞ்சிருக்கற காசு. ஆறாவது தரையில டவர் எப்படி உக்காந்திருக்கு, மழ தண்ணி எங்க போகும். அழகு? அது கடைசி. அழகா இருந்தா நல்லதுதான், ஆனா அந்த அழகு உங்களுக்கு தெரியாது, எதிர் பில்டிங்காரனுக்குதான் தெரியும், நீங்க உள்ள இருப்பீங்க.

## பட்டை டவர்

நீளமா, தட்டையா, நெட்டுக்குத்தா நிறுத்துன தீப்பெட்டி மாதிரி இருக்கும். நடுவுல ஒரு காரிடார், ரெண்டு பக்கமும் வீடுங்க, ஒரு மாடிக்கு பத்து பன்னெண்டு வீடு. பில்டருக்கு ரொம்ப புடிச்ச டிசைன் இது, ஏன்னா ஒரே படிக்கட்டு, ஒரே லிஃப்டு கூட்டத்துல நெறைய வீடு வித்துடலாம், அதனால வெலையும் கொஞ்சம் கம்மியா வரும். கார்பெட் ஏரியாவும், அதாவது வீட்டு சொவத்துக்குள்ள நெஜமா பொழங்கற எடமும், நல்லா கெடைக்கும், காரிடார், லிஃப்டு பங்கையும் சேத்து சூப்பர் பில்டப்புன்னு சொல்லி கழிக்கறது இதுலதான் கம்மி.

பிரச்சனை என்னன்னா காத்து ஒரு பக்கம் நுழைஞ்சா மறு பக்கம் போக வழி இல்ல. மெயின் டோர் தொறந்து வெச்சாதான் போகும், காரிடார்ல யாரு தொறந்து வெக்கறாங்க. எங்க ஹவுசிங் போர்டுலயும் காரிடார்தான், ஆனா அது ஒரு பக்கம் வானம் பாத்த காரிடார், பாயை போட்டு படுத்தா ராத்திரி கடல் காத்து வரும். இது ரெண்டு பக்கமும் அடைச்ச காரிடார், பகல்லயும் டியூப் லைட்டு எரியும்.

பட்டை டவர்ல எந்த பக்கம் வாங்கறோம்ங்கறதுதான் எல்லாமே. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு, சூரியன் வருஷத்துல ரெண்டு தடவ, ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும், நேரா தலைக்கு மேல போகும். அதனால தெற்கு, வடக்கு சொவத்துக்கு வெய்யில் கம்மி, கிழக்குக்கும் மேற்குக்கும்தான் அடி. டவரோட அகலமான மூஞ்சி தெற்கும் வடக்கும் பாத்து நின்னா டிசைன் பண்ணவருக்கு ஒரு கும்பிடு போடுங்க. கிழக்கும் மேற்கும் பாத்து நின்னா பாதி பேருக்கு கடல் காத்து, பாதி பேருக்கு சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் அடுப்பு. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வெல சொன்னா மேற்கு பக்கத்த தொடாதீங்க.

வடசென்னைக்கு இன்னொரு கணக்கு இருக்கு, அத எந்த புக்லயும் போட மாட்டான். பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்துலேர்ந்து பாத்தா கொடுங்கையூர் குப்பமேடும் மணலியும் வடகிழக்கு வாக்குல. வாடைக்காத்து அடிக்கற மாசத்துல அந்த வாசம் நேரா வரும், குப்ப எரிஞ்சா பொகையும் வரும். வடக்கு பாத்த வீடு குளுகுளுன்னு இருக்கும்னு சொல்லி விப்பாங்க, மூணு மாசம் ஜன்னல் மூடி வெச்சிருக்கணும்னு சொல்ல மாட்டாங்க. தெற்கு பாத்தது கெடைச்சா புடிச்சுக்கோங்க, தென்றல்னு சும்மாவா பேர் வெச்சான்.

லிஃப்டு கணக்கு போடுங்க. மாடிக்கு 12 வீடு, 40 மாடி, 480 வீடு. நாலு லிஃப்டு குடுத்தா ஒரு லிஃப்டுக்கு 120 வீடு. காலையில எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வர நேரத்துல முப்பத்தஞ்சாவது மாடிக்காரன் ஏறிட்டான்னா பத்தாவது மாடிக்கு வரப்போ உள்ள நிக்க எடமிருக்காது. என் கணக்குல ஒரு லிஃப்டுக்கு 80 வீட்டுக்கு மேல போனா சண்டதான். அதுல ஒண்ணு ரிப்பேர்னா நெனச்சு பாருங்க.

வெளிய இருக்கறவங்களுக்கும் இது சுமைதான். பட்டை டவர் கிழக்கு மேற்கு பாத்து நின்னா பின்னாடி இருக்கற தெருவுக்கே காத்து நின்னுடும், நிழல் நீளமா விழும். அகலமான மூஞ்சில மோதுன காத்து கீழ்நோக்கி எறங்கி ரோட்டுல சுழட்டி அடிக்கும், அதனாலதான் நல்ல டிசைன்ல ரெண்டு மாடி உயரத்துல ஒரு மேடையோ சன்ஷேடோ நீட்டி விட்டிருப்பாங்க. அது இருக்கான்னு பாருங்க.

## கூட்டல் குறி டவர்

நடுவுல லிஃப்டு, படிக்கட்டு, நாலு பக்கமும் நாலு கை. மாடிக்கு நாலுலேர்ந்து எட்டு வீடு. கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் மூலை கெடைக்கும், ரெண்டு பக்கம் ஜன்னல், காத்து ஒரு வழியா வந்து இன்னொரு வழியா போகும். ஆட்டத்துக்கும் இது நல்லது. கைங்க நாலு பக்கம் விரிஞ்சி நிக்கறதால எந்த பக்கம் தள்ளுனாலும் முட்டுக்கால் குடுத்த மாதிரி. துபாய் புர்ஜ் கலிஃபா 828 மீட்டர் நிக்குதே, அதுவும் இந்த குடும்பந்தான், நாலு கைக்கு பதிலா மூணு கை, நடுவுல கோர்னு ஆறுகோண தண்டு, ஒவ்வொரு கையும் மத்த ரெண்டுக்கும் முட்டு. மேல போகப் போக கைங்கள படிப்படியா, சுத்தி சுத்தி வெட்டிக்கிட்டே போயிருக்காங்க, எந்த உயரத்துலயும் காத்துக்கு ஒரே உருவம் கெடைக்கக்கூடாதுன்னு. ஒரே உருவம் இருந்தா காத்து தாளம் போட்டு தள்ள ஆரம்பிச்சிடும், ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளுற மாதிரி.

(அந்த 828லயும் மேல 244 மீட்டர் யாரும் குடியிருக்காத வெறும் கோபுரந்தான்னு கணக்கு போட்டு வெச்சிருக்காங்க. நம்ம எல்.ஐ.சி நாலு அதுக்குள்ள அடங்கிடும். உயரத்த வெச்சு டிசைன எட போடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்குதான்.)

இப்போ கொற. ரெண்டு கைக்கு நடுவுல உள்வாங்குன மூலை இருக்கு பாருங்க, அங்கதான் சமையக்கட்டு ஜன்னலையும் பாத்ரூம் ஜன்னலையும் தள்ளி வெப்பாங்க. எதிர் வீட்டு சமையக்கட்டு பத்தடி தள்ளி. ஏழாவது மாடியில காசிமேட்டு வஞ்சிரம் வறுத்தா இருவதாவது மாடி வரைக்கும் சாப்பாட்டு நேரம் ஆயிடும். வாசத்த விடுங்க, அது நமக்கு பழக்கம்தான். பொகை? அந்த ஒடுக்கமான சந்து பொகபோக்கி மாதிரி இழுக்கும், கீழ தீ புடிச்சா பொகை அந்த வழியாதான் மேல ஏறும். அதனால அந்த சந்து எவ்ளோ அகலம்னு பிளான்ல அளந்து பாருங்க, ரெண்டு கையும் நல்லா விலகி நின்னா சரி, சும்மா கோடு கிழிச்ச மாதிரி ஒடுங்கி இருந்தா அது பேருக்குதான் கூட்டல் குறி.

எட்டு வீடுன்னா ரெண்டு வீடு நிச்சயமா மோசமான மூலையில மாட்டும். அதுங்களதான் "லாஸ்ட் யூனிட், ஆஃபர்"னு கடைசியா தள்ளி விடுவாங்க.

இந்த மாதிரி டவர் பெரும்பாலும் மைவான்ல போடறாங்க, அதாவது அலுமினியம் ஷட்டரிங் வெச்சு சொவரு, தளம் எல்லாத்தையும் ஒரே கான்கிரீட்டா ஊத்தறது. செங்கல்லே கெடையாது. வேகமா முடியும், உறுதி, பூச்சு வேல கம்மி. ஆனா நாளைக்கு பையனுக்கு கல்யாணம் பண்ணி ரூம பெருசு பண்ணலாம்னு சொவத்த ஒடைக்க முடியாது, அந்த சொவருதான் கட்டடத்த தாங்குது. சாமி படம் மாட்ட ஆணி அடிச்சா ஆணி வளையும், டிரில் மெஷின் காரர கூப்புடணும். வெய்யில் பட்ட கான்கிரீட்டு சொவரு ராத்திரி பத்து மணிக்கும் கையில சுடும். இது பட்டை டவருக்கும் பொருந்தும், கேட்டுக்கோங்க.

லிஃப்டு இதுல பரவால்ல. எட்டு வீடு நாப்பது மாடி 320, நாலு லிஃப்டுக்கு ஆளுக்கு 80. ஆனா எண்ணிக்கைய விட முக்கியமா ஒண்ணு சொல்றேன், மூணு டவருக்கும் சேத்துதான் சொல்றேன்.

என் பெரியப்பா வேற எடத்துல, ஒரு டவர்ல, பத்தொம்பதாவது மாடியில இருந்தாரு. நெஞ்சு வலின்னு ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள்ள போகல. படுக்க வெச்சு கொண்டு போக முடியாம பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு நானும் அண்ணனும் ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு எறங்குனோம். ரெண்டு நாள் கழிச்சு அவர வீட்டுக்கு கொண்டு வரணும்னப்போ ஃப்ரீசர் பாக்ஸ் மேல ஏத்த முடியாதுன்னு கீழ கார் நிறுத்தற எடத்துல, தூணுக்கு நடுவுல வெச்சோம். அசோசியேஷன்ல பந்தல் போட பர்மிஷன் இல்ல, பறை அடிக்கவும் இல்ல. எங்க தெருவுல சாவுன்னா தெருவே வந்து நிக்கும், அங்க ரெண்டு காருக்கு நடுவுல பெரியம்மா உக்காந்து அழுதாங்க. அன்னிலேர்ந்து எந்த பிளான பாத்தாலும் நான் மொதல்ல லிஃப்டோட உள் ஆழத்ததான் பாக்கறேன். ஒரு லிஃப்டாவது ரெண்டு மீட்டருக்கு மேல ஆழமா இருக்கணும். கீழ லாபி ஐம்பது பேர் நிக்கற மாதிரி இருக்கணும். கேட்டா சேல்ஸ் பொண்ணு ஒரு மாதிரி பாக்கும், பாத்தா பாக்கட்டும்.

## ஒல்லி கண்ணாடி டவர்

மூணுலயும் உயரமானது, போட்டோவுல அழகானது இதுதான். மாடிக்கு ரெண்டே வீடு, தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி, ஹார்பர் கிரேன் தெரியும், கப்பல் தெரியும், ராத்திரி எண்ணூர் பக்கம் லைட்டு தெரியும். எனக்கே ஆசை வந்துடுச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு மூணு பக்கம் வெளிச்சம், லிஃப்டுக்கு முப்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சு வீடுதான், காரிடார்ல யாரு மூஞ்சியும் பாக்க வேணாம். இதெல்லாம் நெஜமான நன்மை.

ஆனா ஒல்லியா உயரமா போறதுக்கு ஒரு வெல இருக்கு. நியூயார்க்ல 432 பார்க் அவென்யூன்னு 426 மீட்டர் டவர், அகலம் 28 மீட்டர் சொச்சந்தான், பென்சில் மாதிரி. பன்னெண்டு மாடிக்கு ஒரு தடவ ரெண்டு மாடிய கண்ணாடி போடாம தொறந்து விட்டிருக்காங்க, காத்து உள்ள பூந்து போகட்டும்னு. அவ்ளோ யோசிச்சு கட்டியும், தண்ணி ஒழுகுது, லிஃப்டு நின்னுடுது, காத்து அடிச்சா சொவரு கிறீச்சுன்னு சத்தம் போடுதுன்னு 2021ல குடியிருக்கறவங்க கேஸ் போட்டாங்க. தைவான்ல தைப்பே 101 டவர்ல மேல 660 டன் எடையில ஒரு இரும்பு உருண்டைய தொங்க விட்டிருக்காங்க, டவர் ஒரு பக்கம் சாஞ்சா உருண்ட மறு பக்கம் போய் சமாளிக்கும். நம்ம ஊர் நாப்பது மாடிக்கு அதெல்லாம் வழக்கமா தேவைப்படாது, ஆனா ஒல்லி டவர் வாங்கறவங்க "விண்ட் டன்னல் டெஸ்ட் பண்ணீங்களா, ரிப்போர்ட்ட காட்டுங்க"ன்னு கேக்கறதுல தப்பே இல்ல, சின்ன மாடல் டவர் மேல காத்த அடிச்சு பாக்கற சோதனை அது.

கண்ணாடிக்கு வருவோம். சென்னைல மேற்கு பாத்த கண்ணாடி சொவருன்னா ஏசி ஓடிக்கிட்டே இருக்கணும். தொறக்கற ஜன்னல்னு மேல ஒரு சின்ன பலகை மட்டும் அரையடி தொறக்கும். கரண்டு போனா ஜெனரேட்டர் வரும், ஆனா அந்த பேக்கப்புல லைட்டும் ஃபேனும்தான், ஏசி பெரும்பாலும் வராது, அக்ரிமென்ட்ட படிங்க. அப்போ அந்த வீடு கண்ணாடி ஜாடிக்குள்ள வெச்ச ஊறுகா. நம்ம பக்கம் தூசி வேற சொல்லவே வேணாம், வெள்ள சட்டைய மொட்ட மாடியில காயப்போட்டு வளந்தவங்களுக்கு தெரியும். வெளிப்பக்கம் தொடைக்க மேலேர்ந்து தொட்டில் எறக்கணும், அந்த செலவு அத்தனையும் எம்பது தொண்ணூறு வீடு தலையில மட்டும் விழும்.

கண்ணாடி பெரிய எடத்துலயே கால வாரியிருக்கு. பாஸ்டன்ல ஹான்காக் டவர்ல 1973ல கண்ணாடி பெயர்ந்து ரோட்டுல விழ ஆரம்பிச்சு, ஒட்டு பலகைய அடைச்சு வெச்சு, கடைசில 10,344 கண்ணாடியையும் மாத்துனாங்க. லண்டன்ல வாக்கி டாக்கின்னு செல்லப் பேர் வெச்ச டவர், மூஞ்சி குழிவா இருந்ததால 2013ல வெய்யில மொத்தமா ஒரு எடத்துல குவிச்சு கீழ நின்ன ஜாகுவார் கார் பாகத்த உருக்கிடுச்சு. அப்புறம் சன்ஷேட் மாட்டுனாங்க. பெரிய பேர் வாங்குன ஆர்க்கிடெக்ட் போட்ட டிசைன்தான் ரெண்டுமே.

கடைசியா ஒண்ணு. மாடிக்கு ரெண்டே வீடுன்னாலும் லிஃப்டு, ரெண்டு படிக்கட்டு, குழாயும் வயரும் போற டக்ட் எல்லாம் இருந்தே ஆகணும். பட்டை டவர்ல பன்னெண்டு வீடு பங்கு போட்டுக்கற அந்த எடத்த இங்க ரெண்டு வீடு சுமக்குது. 1,500 சதுர அடின்னு காசு குடுத்துட்டு உள்ள போய் டேப்பு புடிச்சு பாத்தா முகம் சுருங்கிடும். வீடு வாங்கறவங்கள காப்பாத்தற ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியா எழுத்துல குடுக்கணும், அத வெச்சு சதுர அடி வெலைய நீங்களே திருப்பி போட்டு பாருங்க.

## ஒரே பார்வையில

| எத பாக்கறோம் | பட்டை | கூட்டல் குறி | ஒல்லி கண்ணாடி |
|---|---|---|---|
| வெளிச்சம் | ஒரு பக்கந்தான் | ரெண்டு பக்கம் | மூணு பக்கம், அதுவே அதிகம் |
| உள் காத்து | மோசம், தெற்கு பக்கம் பரவால்ல | நல்லது | ஜன்னல் தொறந்தாதானே |
| ஆட்டம் | குறுக்குவாட்டுல அதிகம் | கம்மி | டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க |
| தீ, பொகை | படிக்கட்டு ரெண்டு கோடியில இருந்தா நல்லது | உள்மூலை சந்து ஆபத்து | ரெண்டு படியும் ஒட்டி இருக்கும் |
| லிஃப்டுக்கு வீடு | 120 | 80 | 30 - 45 |
| மாச செலவு | கம்மி | நடுத்தரம் | அதிகம், போகப் போக ஏறும் |
| திருப்பி விக்க | சீக்கிரம் போகும், வெல ஏறாது | சுலபம் | ஆள் கெடைக்கணும் |

## சொல்லாம விடற காசு

இது மூணுக்கும் பொது. மொதல்ல யு.டி.எஸ், அதாவது நெலத்துல உங்க பங்கு. தமிழ்நாட்டு கட்டட விதி 2019 படி 18.30 மீட்டருக்கு மேல போனா ஹைரைஸ், அதுக்கு எஃப்.எஸ்.ஐ, அதாவது நெலத்தோட பரப்புல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 3.25, அதுக்கு கீழ இருக்கற சாதா கட்டடத்துக்கு 2. எளிமையா சொன்னா 1,000 சதுர அடி வீட்டுக்கு சின்ன கட்டடத்துல ஏறக்குறைய 500 சதுர அடி நெலம் வரும், டவர்ல 308. கூடுதல் காசு கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ அம்பது சதவீதம் வாங்கி கட்டியிருந்தா 205க்கு எறங்கிடும். கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், நெலம்தான் ஏறும். உயரம் கூட கூட நீங்க வாங்கறது நெலத்த இல்ல, காத்துல ஒரு பொட்டி.

அப்புறம் ஃப்ளோர் ரைஸ் சார்ஜ். ஒரு பேச்சுக்கு மாடிக்கு சதுர அடிக்கு 40 ரூபா ஏத்தறாங்கன்னா இருவது மாடி மேல போக 800, ஆயிரம் சதுர அடிக்கு எட்டு லட்சம். அதே வீடு, அதே டைல்ஸு. மாச மெயின்டனன்ஸ் 7,500ஐ தாண்டுனா ஜிஎஸ்டி வேற சேரும், ஒல்லி டவர்ல இது சுலபமா தாண்டும். தண்ணி பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம், நாப்பது மாடிக்கு பன்னெண்டு பார், அதனால நடு மாடிங்கள்ல தொட்டியும் அழுத்தம் கொறைக்கற வால்வும் வெச்சுதான் ஆகணும், அந்த வால்வு போனா கீழ் மாடில குழா பிச்சிக்கிட்டு அடிக்கும். உப்புக்காத்துல ஏசி அவுட்டோர் காயிலும் பால்கனி கம்பியும் அரிச்சுடும், அது நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

எல்லாத்த விட பெருசு, பேஸ்மென்ட்ல என்ன வெச்சிருக்காங்கங்கறது. புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரம், கணேசபுரம் சப்வே, மழ வந்தா எங்க நிக்கும்னு நமக்கு சொல்லித்தரணுமா. 2023 டிசம்பர் மிக்ஜாம்ல சென்னை முழுக்க பேஸ்மென்ட் ரொம்புச்சு. எலக்ட்ரிகல் பேனல் ரூமும் ஜெனரேட்டரும் பம்பும் பேஸ்மென்ட்ல இருந்தா மொதல் வெள்ளத்துலயே லிஃப்டும் போச்சு, தண்ணியும் போச்சு, நாப்பது மாடி டவர் நாப்பது மாடி ஏணி ஆயிடும். பேனல் ரூம் தரைக்கு மேல, ரோட்டு மட்டத்த விட ஒசரத்துல இருக்கணும். இது ஒண்ணு சரியில்லன்னா மத்ததெல்லாம் நூத்துக்கு நூறு வாங்குனாலும் நான் வாங்க மாட்டேன்.

## யாருக்கு எது

கையில காசு அளவா இருக்கு, ஆபீஸ் போயிட்டு ராத்திரி வர சின்ன குடும்பம், அஞ்சாறு வருஷத்துல வித்துட்டு பெருசுக்கு போகலாம்னு யோசனைன்னா பட்டை டவர்ல தெற்கு பக்கம், பத்துலேர்ந்து பதினஞ்சு மாடிக்குள்ள. வாடகைக்கு விடவும் அதுதான் லேசு.

வயசானவங்க, கொழந்தைங்க, பகல் முழுக்க வீட்டுல ஆள் இருக்கற குடும்பம்னா கூட்டல் குறி, கண்ண மூடிக்கிட்டு சொல்வேன். கண்ண தொறந்துட்டு அந்த உள்மூலைய மட்டும் அளந்துக்கோங்க. கொளத்தூர் அக்கா, இந்த சண்டைல நான் உங்க பக்கம்.

கண்ணாடி டவர், வெளிநாட்டுல இருந்து வருஷத்துக்கு ரெண்டு மாசம் வந்து போறவங்களுக்கு, மெயின்டனன்ஸ் பில்ல பாக்காம கட்டறவங்களுக்கு. கடல் பாக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கறவங்க ஒண்ணு யோசிங்க, உங்களுக்கும் கடலுக்கும் நடுவுல காலி நெலம் எங்கயாவது இருக்கா? இருந்தா அங்கயும் ஒரு நாள் டவர் வரும், வித்தவங்க வேற எடத்துக்கு போயிருப்பாங்க.

டவரே வேணாம், பெரம்பூர் உள்தெருவுல நாலு மாடி பழைய ஃப்ளாட்டு போதும்னு சொல்றவங்களையும் நான் பைத்தியம்னு சொல்ல மாட்டேன். லிஃப்டு இல்ல, கார் நிறுத்த சண்ட, பூச்சு உதிரும். நெலப் பங்கு ஜாஸ்தி, கீழ பந்தல் போடலாம். என் தங்கச்சி அதத்தான் வாங்குனா, நான் எவ்ளோ சொல்லியும் ரெண்டாவது மாடியிலதான் வாங்குனா, மொட்ட மாடி எல்லாருக்கும் பொதுங்கறதுல தெளிவா இருந்தா.

புளியந்தோப்பு தம்பி, நீங்க அனுப்புனது மூணும் அட்வர்டைஸ்மென்ட் படம், அத வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. மாடி முழுசும் இருக்கற பிளான் ஷீட்டும், பேஸ்மென்ட் பிளானும் கேட்டு வாங்குங்க. தரமாட்டேன்னு சொன்ன எடத்த அப்பவே கழிச்சிடலாம், மூணு ரெண்டாயிடும். வாங்கிட்டீங்கன்னா ஞாயித்துக்கிழம காலையில வீட்டுக்கு வாங்க, ஸ்கேல் இருக்கு, டீயும் இருக்கு, உக்காந்து அளந்துடலாம்.